கரிசல் கலயமும் பள்ளித் தட்டும்

கவிதைக்காகக் கூடிய அமைப்பொன்றின் பத்தாம் ஆண்டு மலரில் சோற்றைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வியக்கக்கூடும். வட்டார வரலாறு குறித்து ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தபோது, சங்கரநாராயணர் திருக்கோயிலைப் பற்றியோ நெற்கட்டும்செவல் பூலித்தேவரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத் தக்கவர் நம்மிடையே பலர் உளர். நம் நாவின் வரலாற்றை எழுதுவாரைத்தான் காணோம். எனவே அதை எடுத்துக்கொண்டேன்.

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாகக் கிழக்கே செல்லும் சாலை எட்டயபுரத்தை அடைகிறது. பாரதியின் பெயரால் நம்மில் பலர் அச்சாலையில் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். 1882-ஆம் ஆண்டில் பாரதி பிறந்த ஊர் அது. கல்கியின் முயற்சியால் எழுந்த மணிமண்டபம் 1947-ஆம் ஆண்டில் இராஜாஜியால் திறந்துவைக்கப்பெற்றதும் அங்கேதான். அதே ஊரில் 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். முதல் இரு செய்திகளையும் நாம் மேடைதோறும் சொல்கிறோம். மூன்றாவதைப் போகிற போக்கில் சொல்லிக் கடந்து விடுகிறோம். ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று எதை விரும்பி உண்கின்றனர், எதைக் கண்டால் முகம் சுளிக்கின்றனர் என்பதற்கான விடையின் பெரும் பகுதி அந்த மூன்றாவது செய்தியில்தான் இருக்கிறது.

வாழ்நாள் முழுதும் உடன்வரும் நல்ல உணவுப் பழக்கம் எவ்வாறு உண்டாகிறது? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும் பகுதியை அளவறிந்து, பசியறிந்து உண்பதற்கே ஒதுக்கினார். இரண்டாயிரம் ஆண்டு அறிவுரை நம்மிடம் இருக்கிறது. அறிவுரையால் மட்டும் பழக்கம் உண்டாகுமானால் நோயின்றி வாழும் முதல் இனமாக நாம் இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. எனவே விடையை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

கலயம்

நம் ஊருக்குக் கிழக்கே விரிவது கரிசல். மானாவாரி மண், வானம் பார்த்த பூமி. இம்மண்ணின் வேளாண்மையை ஆராய்வதற்கென்றே கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பருத்தியோடு கம்பும், சோளமும், குதிரைவாலியும் இங்கே விளைந்தன. நெல் என்பது குளத்துப் பாசனம் உள்ள ஊர்களின் செல்வம். கரிசற்காட்டுக் குடும்பங்களுக்கு நெல்லுச்சோறு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் உரியது.

அன்றாட உணவு கம்பஞ்சோறு. கம்பின் மீது நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டுக் குத்தி, தவிட்டைப் புடைத்தெடுத்து, மீண்டும் இடித்து, கொதிக்கும் உலையிலிட்டுத் துடுப்பால் கிண்டி இறக்குவர். சூடாக ஒரு வேளை. எஞ்சியதை உருண்டை பிடித்து நீரிலிட்டு வைத்தால் மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும். ஒரு குடும்பத்துக்கான கம்பைக் குத்துவது ஒரு பெண்ணின் காலைப் பொழுதையே விழுங்கிவிடும். இந்த உழைப்பை மறந்துவிட்டு அந்த உணவை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

உழைப்பைவிடவும் கனத்தது அவமானம். என் இளமையில் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். உறவினர் யாரேனும் வாசலில் தலைகாட்டினால் எங்கள் ஆச்சி செய்யும் முதல் வேலை, கூழ்க் கலயத்தை அடுப்படியின் இருட்டுக்குள் தள்ளி வைப்பதுதான். பிறகுதான் 'வாங்க' என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரும். நெல்லுச்சோறு ஆக்கிய நாளிலோ அடுப்படிக் கதவு திறந்தே கிடக்கும். எது உடலுக்கு நல்லது என்ற கேள்வி அங்கே எழவில்லை. எது மதிப்புக்குரியது என்பதே கேள்வி.

குன்னூர் கண்ட உண்மை

எது உடலுக்கு நல்லது என்ற கேள்வியை நம் மாநிலத்தின் மலையூர் ஒன்றில் சிலர் கேட்டுக்கொண்டிருந்தனர். 1918-ஆம் ஆண்டில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அச்சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, பின்னர் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. 1920-களில் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை எல்லாவற்றிலும் மெலிந்து நின்றன.

இதில் நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரைப் பகுதிகளில் பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்ப்பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். நெல் அவித்த நம் முன்னோர்க்கு வேதியியல் தெரியாது. ஆனால் அன்றாடப் பழக்கமே அவர்களைக் காத்தது. நல்ல பழக்கத்தின் இயல்பே இதுதான். அறியாதவரையும் அது காக்கும்.

மெக்காரிசனுக்குப் பின் 1935 முதல் 1945 வரை அக்கூடத்தின் தலைமையில் இருந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு 1937-இல் வெளியிட்டார். நாம் ஒளித்து வைத்த கம்பும் கேழ்வரகும் தீட்டிய அரிசியைக் காட்டிலும் சத்தில் மேம்பட்டவை என்பது அச்சில் ஏறியது. ஆச்சியின் அடுப்படிக்கு அந்த அச்சுத்தாள் வந்து சேரவேயில்லை.

எட்டயபுரத்து இலை

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் இதற்கும் முற்பட்டது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. வருகை பெருகியது, மேலும் சில பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1925-இல் ஆங்கில அரசு அச்செலவை ஏற்க மறுத்ததால் அது நின்றது. பின்னர் சிறு அளவில் மீண்டும் தொடங்கியது.

காமராசரின் முயற்சி அதனினும் விரிந்தது. ஆடு மாடு மேய்த்து நின்ற சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதும், சோறு யார் போடுவார் என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதும் நாடெங்கும் சொல்லப்படும் கதை. கதை எவ்வூரில் நிகழ்ந்ததென்று ஊருக்கு ஊர் உரிமை கொண்டாடுகின்றனர். எங்கும் நிகழ்ந்திருக்கக்கூடியது என்பதே அதற்குப் பொருள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு துணை நிற்க, முதலில் ஊரார் ஈகையாலும், பின்னர் அரசின் பங்களிப்பாலும் திட்டம் வளர்ந்தது. 1961-இல் அமெரிக்கத் தொண்டு அமைப்பான கேர் உணவுப் பொருள்களைத் தந்தது. மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவையும் பால்மாவுக் கரைசலையும் அத்தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வதைக் கேட்கலாம். பிள்ளைகளின் பசி தீர்ந்தது. எனினும் அவ்வுணவில் பெரும் பகுதி கப்பலில் வந்தது. கரிசற்காட்டுக் கம்பு பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை.

1982

1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊரகத்துக் குழந்தை மையங்களிலும் தொடக்கப்பள்ளிகளிலும் தொடங்கிய திட்டம், அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் விரிந்தது. ஊர்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்கள் பணியமர்ந்தனர். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. அதனோடு பருப்பும் காய்கறியும் எண்ணெயும்.

அந்தச் சூலையில் நான் இரண்டாம் வகுப்பு மாணவன். வீட்டிலிருந்து அலுமினியத் தட்டு எடுத்துச் சென்றோம். வேப்பமரத்தடியில் வரிசையாக அமர்ந்தோம். ஆவி பறக்கும் சோறும் சாம்பாரும் விழுந்தன. மாலையில் வீடு திரும்பியதும் ஆச்சி கேட்டார்: "ஏலே, நெல்லுச்சோறா போட்டாவ?" "ஆமா ஆச்சி, நாளைக்கும் உண்டாம்" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை அவர் கண்ட சோறு, பேரனுக்கு நாள்தோறும் கிடைக்கிறது என்பதை அவர் மனம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அன்றிரவு கலயத்தை அவர் என் முன் கொண்டுவந்து வைத்தபோது நான் வேண்டாம் என்றேன். அந்த மறுப்பை இன்றளவும் நான் மறக்கவில்லை. உணவு வரலாற்றின் பெரிய திருப்பம் ஒன்று எங்கள் வீட்டு அடுப்படியில் அப்படித்தான் நடந்தது.

பெற்றதைக் குறைத்துச் சொல்லலாகாது. பசியால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் நிலைத்தனர். கைகழுவி அமர்வது, குறித்த வேளையில் உண்பது, பருப்பும் கீரையும் உண்ணக் கற்பது ஆகியவை பழக்கமாயின. 1989-இல் கலைஞர் ஆட்சிக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என வளர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். சமைத்த உணவைப் பள்ளியில் வழங்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அது புதிதன்று.

எல்லாவற்றிலும் பெரிய பேறு, சேர்ந்து உண்டதுதான். தெருவால் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்தனர். இது எங்கும் எளிதாக நிகழவில்லை. 2018-இல்கூடத் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் பட்டியலினச் சமையலர் சமைப்பதற்கு எதிர்ப்பு எழுந்ததை நாடறியும். சோற்றில் சாதியைத் தேடியவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் அதில் உப்பைத்தான் தேடினர்.

சேர்ந்து உண்பதற்கு உள்ளியல் ஆய்வும் சான்று பகர்கிறது. லீன் பெர்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயை விரும்பாத குழந்தையை அதனை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் அமர்த்தினால் அக்குழந்தையும் அதனைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவது தெரியவந்தது. ஊட்டிவிடும் தாயாலும் மிரட்டும் ஆசிரியராலும் ஆகாதது, பக்கத்தில் இருக்கும் தோழனால் ஆகிறது.

இழந்தது

ஆக, பழக்கம் உண்டாக மூன்று வேண்டும். உணவு அன்றாடம் வர வேண்டும். தோழமையோடு வர வேண்டும். மதிப்போடு வர வேண்டும். பள்ளித் தட்டு இம்மூன்றையும் நெல்லுச்சோற்றுக்கு வழங்கியது. கூழுக்கு ஒன்றையும் வழங்கவில்லை. பசுமைப் புரட்சி நெல்லைப் பெருக்கியது. நியாய விலைக் கடை அதனை வீடுதோறும் சேர்த்தது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றியே கிடைத்தது. பசித்த நாட்டில் இவை அறச்செயல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விருந்துணவு அன்றாட உணவானபோது, அன்றாட உணவு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. உரல்கள் வாசற்படிக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தன.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென்கிறது. நாட்டின் சராசரியோ 11.4 விழுக்காடு. இதற்கு அரிசி ஒன்றே காரணம் என்பது அறியாமை. குறைந்துவிட்ட உடலுழைப்பு, இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்கள், பரம்பரை எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் மூன்று வேளையும் தீட்டிய அரிசியே என்ற பழக்கத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்வாரும் இலர். அன்று காட்டில் உழைத்து நின்றவர் ஆண்டுக்கு நான்கு நாள் உண்ட சோற்றை, இன்று கடையில் அமர்ந்திருப்பவர் நாள்தோறும் மூன்று முறை உண்கிறார்.

இழந்ததை மீட்க முடியுமா? சப்பான் நாட்டு வரலாறு முடியும் என்கிறது. போருக்குப் பின் அந்நாட்டுப் பள்ளி உணவில் அமெரிக்கக் கோதுமை ரொட்டி இடம்பெற்றது; 1954-இல் பள்ளி உணவுக்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு தலைமுறை ரொட்டிக்குப் பழகியது. தம் மண்ணின் அரிசி மறைவதைக் கண்டு, 1976-இல் அரிசிச் சோற்றை முறைப்படி பள்ளி உணவில் சேர்த்தனர். 2005-இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் கண்டனர். அவர்கள் அரிசியை மீட்டனர். நாம் கம்பை மீட்க வேண்டும். பெயர்தான் வேறு, வழி ஒன்றே. எந்தத் தட்டின் வழியே பழக்கம் மாறியதோ, அதே தட்டின் வழியேதான் அது திரும்பும்.

தொடக்கங்கள் தெரிகின்றன. 2013-இல் சத்துணவில் கலவைச் சாத வகைகள் சோதனை முறையில் அறிமுகமாயின. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும், 2024 சூலையில் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்ற அப்பட்டியலில் அந்தந்த வட்டாரத்துச் சிறுதானியங்களுக்கும் இடமுண்டு. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். அரைவை ஆலைகள் இருப்பதால் இன்று எந்த ஆச்சியும் காலைப்பொழுதை உரலடியில் கழிக்க வேண்டியதில்லை. அன்றாடமும் தோழமையும் அரசாலும் பள்ளியாலும் ஆகக்கூடும். எஞ்சுவது மதிப்பு. அதை வழங்கும் கடமை யாருடையது?

நம் பங்கு

இவ்விடத்தில்தான் இக்கட்டுரை நம் வட்டத்து வாயிலுக்கு வந்து நிற்கிறது. கூழ் என்றால் வறுமை, கஞ்சி என்றால் கண்ணீர், சோறு என்றால் விடிவு என்ற குறியீடுகளை நாட்டுக்கு வழங்கியவர்கள் யார்? எழுதுகோல் பிடித்த நாம்தாம். பசியைப் பாட வந்த கவிஞன் கலயத்தைக் காட்டினான். அவன் நோக்கம் தூயது. ஆயினும் கலயத்தின் மீது விழுந்த அவமானம், பசி நீங்கிய பின்னும் நீங்கவில்லை. ஆச்சி இருட்டில் தள்ளிய கலயத்தை நம் கவிதைகளும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரவில்லை. இன்றோ அதே கூழைப் பட்டணத்துப் பெருங்கடைகளில் நாகரிகப் பண்டமாக விற்கின்றனர். நாம் ஏக்கக் கவிதை எழுதுகிறோம். அவமானமும் ஏக்கமும் பழக்கத்தை வளர்ப்பதில்லை. இயல்பான மதிப்பே வளர்க்கும்.

இன்னொன்றும் உண்டு. தானியம் போனால் சொல்லும் போகும். நம் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்தது 1982-ஆம் ஆண்டில். பள்ளித் தட்டில் நெல்லுச்சோறு விழத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். திட்டமிட்டு நேர்ந்ததன்று, எனினும் வரலாறு சில வேளைகளில் ஒரு கையால் அழிப்பதை மறுகையால் எழுதி வைக்கிறது. குத்துதல், புடைத்தல், கொழித்தல், நாவுதல் ஆகியவற்றை வேறுபாடறிந்து சொல்ல நம் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேரால் இயலும்? அகராதியில் மட்டும் வாழும் சொல், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் விதை போன்றது. அது முளைக்க அடுப்பும் வேண்டும், நாவும் வேண்டும்.

ஆதலின் விழாக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளாக நம் ஆண்டு விழாக்களில் பந்தி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நெல்லுச்சோறுதான். இவ்வாண்டுப் பந்தியில், ஓரத்தில் விந்தைப் பொருளாக அன்று, இலையின் நடுவில் கம்பஞ்சோறு இடுவோம். பிள்ளைகளை நம்மோடு வரிசையில் அமர்த்துவோம். உடலுக்கு நல்லதென்று ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். நாம் விரும்பி உண்பதை அவர்கள் பார்த்தால் போதும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே செய்வோம்.

எங்கள் ஆச்சி இப்போது இல்லை. அவருடைய கலயத்தை நான் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அதை அடுப்படி இருட்டிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையின் மீது வைத்தேன். வந்த விருந்தினர் ஒருவர், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கூழ் என்றேன். எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.